அரசு கட்ட வேண்டிய ஃபீஸுக்கு மாணவர்கள் ஏன் ஜாமீன் நிற்க வேண்டும்?

தமிழ்நாடு அரசின் உயர்கல்வித் துறைச் செயலாளர், ஆதி திராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறைச் செயலாளர் ஆகியோருக்கு,

வணக்கம். ஒரு சிறுநகரத்தில் இ-சேவை மையம் நடத்துகிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து எங்கள் வாசலில் பிள்ளைகள் கூட்டம்தான். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று வரிசையில் நிற்பார்கள். வீட்டில் யாருமே பட்டம் வாங்கவில்லை என்பதைக் காட்ட அண்ணன், அக்கா டிசி வரைக்கும் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். விண்ணப்பம் விஏஓ, ஆர்ஐ, துணை வட்டாட்சியர் என்று கைமாறிச் சான்று வரும்போது அந்த வீட்டுக்கே ஒரு நிம்மதி வரும். ஃபீஸை அரசு பார்த்துக்கொள்ளும் என்கிற நிம்மதி அது.

கல்லூரிப் படிப்புக்கு யார் பணம் கட்டுவது என்ற கேள்விக்கு இந்த மாநிலம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 2010-ல் முதல் பட்டதாரிச் சலுகை வந்தது. கலந்தாய்வில் தனியார் பொறியியல் கல்லூரியில் சேருகிறவருக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாயை அரசு ஏற்கிறது. 2012-ல் அரசாணை 92 வந்தது. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதி திராவிட, பழங்குடி மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்றது. 'என் வரிப்பணத்தில் ஊரான் பிள்ளை ஏன் படிக்க வேண்டும்' என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சித்தாள் வேலைக்குப் போகிறவர் வாங்கும் சோப்பிலும் பிஸ்கட்டிலும் வரி இருக்கிறது. அவரும் கட்டித்தான் வருகிறார். அப்புறம், தேவைக்கு ஏற்ப அரசுக் கல்லூரி கட்டாமல் 1984-லிருந்து சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது அரசுதான். அங்கே போகும் ஏழைப் பிள்ளையின் கட்டணத்தை அரசு ஏற்பது தயவு அல்ல, கடமை. இதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை.

நான் எழுத வந்தது அந்தப் பணம் வந்து சேரும் விதத்தைப் பற்றி.

தேர்வு நெருங்கும் நேரத்தில் அதே பிள்ளைகள் திரும்ப வருகிறார்கள். 'ஸ்காலர்ஷிப் ஸ்டேட்டஸ் பாருங்கண்ணா' என்பார்கள். போர்ட்டலைத் திறந்தால் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும். இல்லையென்றால் அனுமதி ஆகியிருக்கும், பணம் வந்திருக்காது. கல்லூரியிலோ பாக்கியைக் கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்று சொல்லியிருப்பார்கள். ஓர் அம்மா கல்லூரி கொடுத்த தாளைக் கொண்டுவந்து காட்டினார். அட்மிஷன் அன்று அவர் கைநாட்டு வைத்தது. அரசு உதவித்தொகை வராவிட்டால் முழுத் தொகையையும் பெற்றோரே கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. நான் படித்துச் சொல்லும்வரை அவருக்கு அது தெரியாது. கம்மலை அடகு வைத்துக் கட்டினார். பணம் தர வேண்டியது அரசு, வாங்க வேண்டியது கல்லூரி. நடுவில் வட்டி கட்டியது அவர்.

கல்லூரிகளை மட்டும் குறை சொல்ல முடியாது. பேராசிரியர்களுக்கு மாதாமாதம் சம்பளம் போட வேண்டும், அரசுப் பணம் வரும் நாள் கல்லூரிகளுக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கோபத்தை அரசிடம் காட்ட முடியாதவர்கள் பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் காட்டுகிறார்கள்.

பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் ஆதி திராவிட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் இன்னொரு சிக்கல். ஒன்றிய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. ஒன்றியத்தின் பங்கு இப்போது நேராக மாணவரின் கணக்குக்குப் போகிறது. அவர் எடுத்துக் கல்லூரியில் கட்ட வேண்டும். ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைந்ததோ அங்கேதான் பணம் விழும். பல பிள்ளைகளுக்கு அது சிம் வாங்கும்போது கடைக்காரர் கைரேகை வைக்கச் சொல்லித் திறந்துவிட்ட கணக்கு. அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. பணம் வந்துவிட்டது என்று அரசு ஆவணம் சொல்லும், வரவில்லை என்று பாஸ்புக் சொல்லும். இதைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பதே என் மையத்தில் ஒரு தனி வேலையாகிவிட்டது. இன்னொரு வீட்டில் தேவை கழுத்தைப் பிடிக்கும்போது கணக்கில் கிடக்கும் பணம் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போய்விடுகிறது. அதற்காக அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. 2021-ல் தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு வந்தபோது கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று அறிவித்தீர்கள். பிள்ளையை ஏடிஎம்முக்கு அனுப்பாமல் அரசும் கல்லூரியும் தமக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்வதுதான் சரியான ஏற்பாடு. அதை மற்ற உதவித்தொகைகளுக்கும் கொண்டுவாருங்கள்.

மாநிலப் பங்கைப் பருவம் தொடங்கும் முன்பே கல்லூரிக்கு அனுப்புங்கள். ஒன்றியத்தின் 60 சதவீதம் தாமதமானால் முதலில் நீங்கள் கொடுத்துவிட்டு டெல்லியிடம் கேட்டு வாங்குங்கள். டெல்லியிடம் பேச உங்களுக்கு ஆள் இருக்கிறது, அந்த அம்மாவுக்கு இல்லை. அரசு பாக்கிக்காக ஹால் டிக்கெட்டை நிறுத்தக் கூடாது என்று ஓர் ஆணை போட்டு, அதைக் கல்லூரி வாசலில் தமிழில் ஒட்ட வையுங்கள். மீறினால் யாரிடம் புகார் செய்வது என்று ஒரு போன் நம்பரும் அதிலேயே இருக்கட்டும். அட்மிஷன் அன்று வாங்கும் அந்த உறுதிமொழித் தாள் செல்லாது என்றும் சொல்லுங்கள்.

படிப்பு முடித்தும் இந்தப் பாக்கிக்காக அசல் சான்றிதழைக் கல்லூரியில் விட்டுவிட்டு, வந்த வேலைக்குப் போக முடியாமல் இருக்கிறவர்கள் உண்டு. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே சொல்லியிருக்கிறது. மாவட்டவாரியாகக் கல்லூரிகளிடம் பட்டியல் கேளுங்கள். அடுத்த மாணவர் சேர்க்கை தொடங்கும் முன் அந்தப் பாக்கியைத் தீர்த்து, சான்றிதழ்களை அவர்கள் கையில் கொடுக்கச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இ-சேவை மைய நடத்துநர்