மலாவி நாட்டு முலாஞ்சேயில் இருக்கும் அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் "நல்லா இருக்கேம்மா, அப்புறம்?" என்கிறாய். நானும் "அப்புறம் என்ன, நீதான் சொல்லணும்" என்கிறேன். அதற்குள் லைன் போய்விடுகிறது. அதனால்தான் தாளில் எழுதி, நானே போட்டோ எடுத்து அனுப்புகிறேன். தம்பி டைப் அடித்துத் தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றுவிட்டேன்.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. லாரி விஷயம் ஒருவழியாக முடிந்தது, சித்தப்பாதான் முன்னால் நின்றார். அமுச்சி உன்னைக் கேட்காத நாளில்லை. ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலை போவதாக எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மனசு ஓடவில்லை.

அங்கே இது சிப்பெரோனி காலம் இல்லையா? மொசாம்பிக் பக்கமிருந்து வந்து மலையை மூடிக்கொண்டு நாள்கணக்கில் தூறும் என்று போன புதிதில் சொன்னாய். கம்பளி போட்டுக்கொள். காய்ச்சல் வந்தால் குளிருக்கு வந்தது என்று விட்டுவிடாதே. தொண்டை வலி, உடம்பில் தடிப்பு, கழுத்தில் நெறி என்று எது வந்தாலும் அன்றைக்கே காட்டு. அங்கே டாக்டர் இல்லாவிட்டால் பிளான்டையர் போய் க்வீன் எலிசபெத் ஆஸ்பத்திரியில் காட்டு. மற்ற வருஷம் என்றால் இவ்வளவு சொல்லமாட்டேன். இந்த வருஷம் சொல்கிறேன்.

தம்பியைத் திட்டாதே. வாய் தவறிச் சொல்லிவிட்டான். "அக்கா ஒரு மாசத்துக்கு ஏதோ மாத்திரை போடுறாளாம், மலேரியாவுக்கா இருக்கும்" என்றான். "இருக்கும்டா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவனுக்கு அவ்வளவுதான் தெரியும், அவ்வளவே தெரிந்தால் போதும்.

மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்துக்குப் போடு. ராத்திரி போட்டுத் தூக்கம் கெட்டாலோ, கண்டபடி கனவு வந்தாலோ காலைக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொள். உன் இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் அதோடு சேர்த்துப் போடாதே, மருந்து உடம்பில் சேராது. குமட்டினால் அந்த ஊர்ச் சோளக் களி, ந்சிமா, ரெண்டு வாயாவது தின்றுவிட்டுப் போடு. நடுவில் நிறுத்தாதே. 28 நாளையும் முடி. மாத்திரையைப் பற்றி இதோடு விட்டுவிடுகிறேன்.

உன் பெரியம்மா ராசிபுரத்திலிருந்து வந்திருந்தாள். "நர்சுக்குப் படிக்க வெச்சது ஆப்பிரிக்காவுல போய் அந்த நோய்க்காரங்களோட உக்காரவா? நம்ம ஊர்ல ஆளா இல்ல?" என்றாள். அவளுக்கு நான் சொன்ன பதிலை நீ கேட்டிருக்க வேண்டும். கிராம சுகாதார நர்சாக இருந்தவள் நான். லாரிக்காரர் ஊர் என்று நம் நாமக்கல்லை எப்படியெல்லாம் பேசினார்கள் என்று எனக்குத் தெரியாதா? அந்தக் காலத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க எங்களிடம் இருந்தது நெவிரபின் என்ற மருந்து ஒன்றுதான். வலி எடுத்ததும் தாய்க்கு ஒரே ஒரு மாத்திரை, பிறந்த மூன்று நாளுக்குள் பிள்ளைக்கு ஒரு வாய் மருந்து. உகாண்டாவில் செய்து பார்த்து, தொற்றுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்று 1999-இல் சொன்னார்கள். அந்தப் பாதியே எங்களுக்குப் பெரிய வரம். ஆனால் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டுத் தாயை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடும் வைத்தியம் அது. அவளுக்கு என்று கூட்டு மருந்து எழுத, வெள்ளணு எண்ணிக்கை இறங்கும்வரை காத்திருக்கச் சொன்னார்கள்.

அந்தக் காத்திருப்பை முதலில் ஒழித்தது நீ இருக்கிற நாடுதான் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். அந்த எண்ணிக்கையைப் பார்க்கிற மெஷின் மலாவியில் ஊருக்கு ஊர் கிடையாது. பெண்கள் அடுத்தடுத்துப் பிள்ளை பெறுகிறார்கள். ஒவ்வொரு பிரசவத்துக்கும் மருந்தை ஆரம்பித்து நிறுத்தி ஆரம்பித்து நிறுத்திக்கொண்டிருக்க முடியாது. அதனால் 2011-இல், மாசமாக இருப்பவளுக்கும் பால் கொடுப்பவளுக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தால் எந்த எண்ணிக்கையும் பார்க்காமல் அன்றைக்கே மருந்து, ஆயுசுக்கும் மருந்து என்று முடிவெடுத்தார்கள். ஒன்றரை வருஷத்துக்குள் மருந்து தொடங்கிய பெண்கள் பல மடங்கு ஆனார்கள். 2013-இல் உலக சுகாதார நிறுவனமே அதைத்தான் மற்ற நாடுகளுக்கும் சொன்னது. கையில் காசில்லாத நாடு எடுத்த முடிவு அது. பெரியம்மா வாயைத் திறக்கவில்லை. உன்னை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

பெருமையாக இருந்தது என்பதற்காகக் கோபம் இல்லை என்று நினைத்துவிடாதே. 2025 ஜனவரியில் அமெரிக்கா உதவிப் பணத்தை நிறுத்தியதை நான் செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? உன் சம்பளம் வருகிறதா, வாடகை யார் கொடுக்கிறார்கள், ஒன்றும் சொல்லவில்லை. அதே நோயோடு இருந்துகொண்டு மற்றத் தாய்களுக்குத் துணை நிற்கிற அந்த மென்டர் மதர்களுக்குக் கொடுத்துவந்த படி நின்றுபோய்விட்டது, இருந்தும் பாதிப் பேர் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாய். ஊரார் கஷ்டமெல்லாம் சொல்வாய். உன் கஷ்டம் வந்தால் "அப்புறம்?"

அவர்களைப் பற்றி நீ சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். முதலில் ஆரம்பித்தது 2001-இல் கேப் டவுனில், மிட்ச் பெஸ்ஸர் என்ற டாக்டர். தான் பத்து நிமிஷம் பேசுவதைவிட, அதே நோயோடு பிள்ளை பெற்ற ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் எடுபடும் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. எனக்கும் எத்தனையோ தடவை அப்படிப் பட்டதுண்டு. எச்.ஐ.வி. பரிசோதனை செய்து ஆலோசனை சொல்லும் நம்பிக்கை மையத்தில் நான் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பேசும்போது தலையைத் தலையை ஆட்டுவார்கள். அடுத்த மாசம் வரமாட்டார்கள்.

அங்கேயும் அதேதான் நடந்திருக்கிறது. உடம்பில் ஒரு நோவும் இல்லாமல் மாசமாக இருக்கிறாள் என்று செக்கப் வந்தவளிடம், விரலில் குத்தி, உனக்கு இருக்கிறது, இந்தா இன்றைக்கே ஆரம்பி, சாகும்வரை போடு என்றால் யாருக்குத்தான் மனசு வாங்கும்? டப்பாவை வாங்கிக்கொண்டு போனவர்களில் பலர் திரும்ப வரவேயில்லை. கூட இருந்து பேச இந்தப் பெண்களை வைத்த பிறகுதான் நிலைமை மாறியது. நீ அனுப்பிய கட்டுரையில் பார்த்தேன்: சும்மா விட்ட இடங்களில் ரெண்டு வருஷம் கழித்து நூற்றுக்கு 66 பேர்தான் மருந்தில் இருந்தார்கள், துணைக்கு ஆள் இருந்த இடங்களில் 80, 83 பேர். மருந்து ஒன்றுதான். பக்கத்தில் ஆள் இருந்ததும் இல்லாததும்தான் வித்தியாசம். மருந்தே இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 பிள்ளைகளுக்குப் போகிற நோய், ஒழுங்காகப் போட்டால் ஐந்துக்கும் கீழே வந்துவிடுகிறது. அந்தப் பெண்கள் வெயிலிலும் சேற்றிலும் நடந்து போய்க் கதவைத் தட்டுவது இதற்காகத்தான்.

உன்னோடு வேலை பார்க்கிற அந்த அக்காவை நான் பார்த்ததில்லை. ஆனால் எனக்கு அவளைத் தெரிந்த மாதிரியே இருக்கிறது. காலையில் சுகாதார நிலையத் திண்ணையில் பெண்கள் பாடி முடித்ததும் எழுந்து, "எனக்கும் இருக்கு, என் பையனுக்கு இல்ல" என்று எல்லோர் முன்னாலும் சொல்வாளாமே. மாத்திரை டப்பா குலுங்கிச் சத்தம் கேட்காமல் இருக்க, உள்ளே சிட்டென்ஜே துணியில் ஒரு துண்டு கிழித்துத் திணித்துக் கொடுப்பாளாமே. வைத்தியக் குறிப்பு எழுதிவைக்கிற ஹெல்த் பாஸ்போர்ட் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் யாரும் பார்த்துவிடாமல் இருக்க வழி சொல்லிக் கொடுப்பாள், ஒருத்தி வராவிட்டால் சோளம் கடன் கேட்கப் போகிறவள் போல அவள் வீட்டுக்குப் போவாள் என்றெல்லாம் சொன்னாய். பிறந்த பிள்ளைக்கு ஆறு வாரம் நெவிரபின் மருந்து, ஆறாவது வாரம் ரத்தப் பரிசோதனை, ஆறு மாசம்வரை தாய்ப்பால் மட்டும், பாட்டிமார் கஞ்சி ஊட்ட வந்தால் சண்டை போடாமல் தடுப்பது, ரெண்டு வயசில் கடைசிப் பரிசோதனை. அத்தனையையும் ஒருத்தி மனசில் வைத்திருக்கிறாள்.

அந்தப் பரிசோதனையைத்தான் நீ செய்கிறாய். குதிகாலில் குத்தி, அட்டையில் அந்த வட்டங்கள் ஒவ்வொன்றும் நிரம்ப ரத்தம் எடுக்க வேண்டும். ஆறு வாரப் பிள்ளை சும்மா இருக்குமா? காலை உதறும். கையுறை போட்டிருந்தாலும் உதறும். தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல். குத்திய கையோடு ஊசியை அதற்கான டப்பாவில் போட்டுவிடு. மேஜையில் வைக்காதே, இன்னொரு கைக்கு மாற்றாதே, மூடியைத் திரும்பப் போடாதே. உனக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. தெரிந்தவர்களுக்கும் ஆகிறது. ஆனால் அது அவர்கள் தப்பில்லை. வேலையில் ஆகிறதுதான். எங்கள் காலத்தில் கூட வேலை பார்த்தவளுக்கு ஆகவில்லையா? அவள் இன்றைக்குப் பேரன் எடுத்துவிட்டாள். உனக்கு அவளைத் தெரியும், உன் காது குத்துக்கு வந்தவள்.

அந்தப் பக்கமெல்லாம் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டு ஊருக்கு வருவான், அதனால் அங்கே மருந்தை மாமியாரிடம் அல்ல, பெற்ற அம்மாவிடமிருந்துதான் ஒளிக்க வேண்டியிருக்கிறது என்று ஒருநாள் சொன்னாய். கூரைச் சந்தில், மாவுச் சட்டிக்குள், மடியில். "பாவம்மா, சொன்னா அம்மா உடைஞ்சு போயிடும்னு பயப்படுறாங்க" என்றாய். அன்றைக்குக் கேட்டுக்கொண்டேன். இப்போது ராத்திரி படுத்தால் அதுதான் காதில் விழுகிறது.

அம்மா உடைந்து போகமாட்டேன், அம்மிணி.

முன்பின் தெரியாத எத்தனையோ பெண்களிடம் கூசாமல் கேட்ட கேள்வி அது. எப்போது, எந்தக் கை, எவ்வளவு ஆழம், எத்தனை மணி நேரத்துக்குள் முதல் மாத்திரை. மூன்று நாளுக்குள் என்றால் சரி, அன்றைக்கே என்றால் ரொம்ப நல்லது. உன்னிடம் மட்டும் வாய் வரமாட்டேன் என்கிறது. ஆயிரத்துக்கு மூன்று பேருக்குத்தான் தொற்றும் என்ற கணக்கு எனக்குத் தெரியும். மருந்து போட்டால் அதிலும் எவ்வளவோ குறைவு என்றும் தெரியும். எத்தனையோ பேருக்கு நானே சொல்லித் தைரியம் கொடுத்திருக்கிறேன். அந்தக் கணக்கு எனக்குத் தூக்கம் தரவில்லை.

உன் கையில் இருப்பது நீ அந்தப் பெண்களுக்கு எண்ணிக் கொடுக்கிற அதே மாத்திரைதான் என்று நினைக்கிறேன். அவர்கள் ஒருத்தியையும் தனியாக உட்கார்ந்து அதை விழுங்க விடாதவள் அந்த அக்கா. நீ மட்டும் தனியாக உட்கார்ந்து விழுங்குகிறாயா? என்னிடம் சொல்ல முடியாவிட்டால் அவளிடம் சொல். ஏற்கெனவே சொல்லியிருந்தால் நல்லது, அவளுக்கு நான் கும்பிட்டதாகச் சொல். உன்னைவிட எத்தனையோ வருஷம் முன்னால் அந்த மாத்திரையை விழுங்கிப் பழகியவள். நம்ம வீட்டு ஆள் அங்கே இல்லை என்ற குறை எனக்கு அவள் பெயரைக் கேட்டால்தான் கொஞ்சம் ஆறுகிறது.

திரும்பி வா என்று எழுத நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். எழுதமாட்டேன். படி நின்றபின்னும் வருகிற பெண்களை விட்டுவிட்டு நீ வந்தால் அந்த முகத்தை நானே பார்க்கமாட்டேன். ஆனால் தீபாவளிக்கு வர முடியுமா பார். டிக்கெட்டுக்கு அப்பா பணம் எடுத்து வைத்திருக்கிறார், நீ கேட்பாய் என்று காத்திருக்கிறார். பருப்புப் பொடியும் இட்லிப் பொடியும் ஆள் கிடைத்தால் கொடுத்துவிடுகிறேன். சாப்பிடாமல் மாத்திரை போடாதே.

ஆறாவது வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை, மூன்றாவது மாசம் ஒன்று. ரெண்டு தேதியையும் எனக்கு எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம், தேதி மட்டும் போதும், எதற்கு என்றுகூட எழுத வேண்டாம். அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே பகல் ஒன்றரை. அந்த ரெண்டு நாளும் வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் போனைக் கையில் வைத்திருப்பேன். ரிசல்ட் எதுவாக இருந்தாலும் முதலில் எனக்குக் கூப்பிடு, அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா