பழைய கான்கிரீட், புதிய கல்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

இந்த மாதத்திலிருந்து நம் கம்பெனியின் சில வகைப் பேவர் கல்லில் (வாசலிலும் நடைபாதையிலும் பதிக்கும் சிமென்ட் கல்), குவாரி ஜல்லியோடு இடித்த கட்டடங்களின் கான்கிரீட்டை உடைத்துச் சலித்த ஜல்லியும் சேர்கிறது. கேள்விப்பட்ட சிலர், "ராபிஸை (இடிபாட்டுக் குப்பையை)ப் போட்டா கல் அடிக்கிறீங்க?" என்று போனில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எல்லோருக்குமாகச் சேர்த்தே எழுதிவிடுகிறோம்.

முதலில், அது ராபிஸ் இல்லை. செங்கல், டைல்ஸ், மரத்துண்டு எல்லாம் கலந்து வரும் லோடை நாங்கள் வாங்குவதே கிடையாது. ஸ்லாப், பீம், தூண் என்று தனியாக வரும் கான்கிரீட் மட்டும்தான். அதிலும் ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் தூள் ஒட்டியிருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவோம். ஜிப்சத்திலுள்ள சல்ஃபேட் சிமென்டோடு சேர்ந்து, பிற்பாடு கல்லை உப்ப வைத்து வெடிக்க விட்டுவிடும்.

அரைத்த ஜல்லியைக் கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கருங்கல் மேல் பழைய சாந்து சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தபடியே மிக்சரில் கொட்டினால், சிமென்டுக்குச் சேர வேண்டிய தண்ணீரை அந்தச் சாந்து குடித்துவிடும். அதனால் முந்தின நாள் சாயங்காலமே நனைத்து வைத்து, காலையில் மேலீரம் வடிந்த பிறகுதான் போடுகிறோம்.

எவ்வளவு போடலாம் என்பதற்கு அளவு இருக்கிறது. ஜல்லிக்கும் மணலுக்குமான இந்தியத் தரக்கட்டளை ஐ.எஸ். 383, 2016 பதிப்பில் இதை அனுமதிக்கிறது: கம்பி இல்லாத கான்கிரீட்டில் ஜல்லியில் 25 சதவீதம் வரை, கம்பி கட்டிய கான்கிரீட்டில் எம்25 தரம் வரைக்கும் 20 சதவீதம் (எம் எண் கூடினால் கான்கிரீட்டின் பலமும் கூடும்). எம்15-க்கும் கீழான, அஸ்திவாரத்துக்கு அடியில் போடுகிற மாதிரியான கலவையில் முழுக்கவே போடலாம். செங்கல் கலந்த ஜல்லிக்கு அந்தக் கடைசி இடம் மட்டும்தான். நாங்கள் 20 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. அதுவும் வீட்டு வாசல், நடைபாதை, கார் நிற்கும் இடத்துக்கான 60 எம்எம் கல்லில் மட்டும். லாரி ஏறும் 80 எம்எம் கல்லில் ஒரு சட்டிகூடக் கிடையாது. விதி தடுக்கவில்லை என்றாலும் எங்களுக்கு இன்னும் மனம் வரவில்லை.

விலை பெரிதாகக் குறையாது. கம்பி பிரிக்க, உடைக்க, சலிக்க, நனைக்க என்று கூலி ஏறிவிடுகிறது. பின்னே எதற்கு இந்த வேலை? ஏரிக்கரையிலும் பள்ளிக்கரணைச் சதுப்பு ஓரத்திலும் கொட்டிக் கிடந்த இடிபாட்டை நாம் எல்லோரும்தான் பார்த்தோம். சென்னை மாநகராட்சி பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் நாளுக்குத் தலா 400 டன் கையாளும் நிலையங்கள் வைத்திருக்கிறது. இடிபாட்டைக் கையாள மத்திய அரசு 2016-இல் விதி போட்டது, 2025-இல் அதைப் புதுப்பித்தது. பெரிய கட்டடக்காரர்களுக்குத்தான் அதில் கெடுபிடி அதிகம். ஒரு வீட்டை இடித்துக் கட்டுபவருக்கு அந்த அளவுக்குக் கெடுபிடி இல்லை.

உண்மையில், அரைப்பது கடைசி வழி. அரைக்கவே தேவையில்லாதபடி கட்டுவதுதான் கெட்டிக்காரத்தனம். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டை (மர உத்தரத்தின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய கூரை) இறக்கும்போது போய்ப் பாருங்கள். தேக்கு உத்தரம், நிலை, கதவு எல்லாம் முழுசாக இறங்கும், விலைக்கும் போகும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல்லைக் கரண்டி விளிம்பால் இரண்டு தட்டு தட்டினால் சாந்து உதிர்ந்து கல் கைக்கு வந்துவிடும். சிமென்ட் சாந்து விடாது, கல்தான் உடையும். இன்றைய அபார்ட்மென்டில் கம்பியும் ஜன்னலும் போக மிச்சமெல்லாம் லோடு லோடாக ராபிஸ்.

பேவர் கல்லிலும் இதே கதைதான். கல் ஆடக்கூடாது என்று கீழே சிமென்ட் கலவை போட்டு, இடுக்கில் சிமென்ட் பாலை ஊற்றிவிடுகிறார்கள். அப்புறம் குடிநீர்க் குழாய்க்கோ கேபிளுக்கோ யாராவது தோண்ட வருவார்கள். கடப்பாறை போட்டால் பாதிக் கல் தூள். கல் ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஓரத்தில் கெர்ப் கல் (ஓரக்கல்) இல்லாததும், அடிமண் சரியாக இறுகாததும்தான். சிமென்ட் அதை மறைக்கும், சரிசெய்யாது. அடியை நன்றாக இறுக்கி, ஓரக்கல் நிறுத்தி, ஒரு அங்குல மணல் படுக்கையில் கல்லை அடுக்கி, இடுக்கில் நைஸ் மணலைக் கூட்டி, வைப்ரேட்டர் ஓட்டச் சொல்லுங்கள். கார் ஏறினாலும் அசையாது. வேண்டும்போது கையால் எடுத்து, வேலை முடிந்ததும் அதே கல்லைத் திரும்ப வைக்கலாம். மழைத்தண்ணீரும் கொஞ்சம் கீழே இறங்கும்.

ஆகவே இனி எங்கள் கல்லை மணலில் பதித்திருந்தால், என்றைக்கு எடுத்தாலும் உடையாத கல்லுக்கு அன்றைய விலையில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வோம். சிமென்ட் ஒட்டிய கல் வேண்டாம். மேஸ்திரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு எங்களிடம் சண்டைக்கு வராதீர்கள்.

பழைய வீட்டை இடிக்கப் போகிறவர்கள் ஜேசிபி வருவதற்கு முன்பே எங்களுக்கு ஒரு போன் செய்யுங்கள். சீலிங், மரம், டைல்ஸை முதலில் கழற்றச் சொல்லி, கான்கிரீட்டைத் தனியாகக் குவித்தால் நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம், வண்டி வாடகை எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். கம்பெனிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கிரஷர் சத்தத்தில் ஏற்கெனவே எங்கள் மேல் கோபமாக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேவர் பிளாக் கம்பெனியார்