யூனியன் பில்டிங்ஸ் தோட்டத்தில் உதவிய அக்காவுக்கு நன்றி

பிரிட்டோரியாவில் அக்டோபர் வந்தால் ஜகரண்டா பூத்து ஊரே ஊதாவாகிவிடும். மதுரையிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு அதைக் காட்டத்தான் ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு, தென்னாப்பிரிக்க அரசின் தலைமை அலுவலகமான யூனியன் பில்டிங்ஸ் தோட்டத்துக்குப் போனோம். 9 மீட்டர் உயர மண்டேலா சிலைக்கு முன்னால் தாத்தாவும் பேரனும் அவரைப் போலவே கைகளை விரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம்தான் அது நடந்தது. உதிர்ந்த பூவுக்குள் இருந்த தேனீ, வெறுங்காலோடு ஓடிய சின்னவளின் உள்ளங்காலில் கொட்டிவிட்டது. அம்மா பதறிப்போய் "சுண்ணாம்பு கிடைக்குமா?" என்று தேட ஆரம்பித்துவிட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீங்கள் ஓடி வந்தீர்கள். பேங்க் கார்டின் விளிம்பால் கொடுக்கைச் சட்டென்று சுரண்டி எடுத்தீர்கள். எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றீர்கள். ஐஸைத் துண்டில் சுற்றிக் காலில் வைத்துவிட்டு, உதடு வீங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று வெகுநேரம் கூடவே இருந்து பார்த்தீர்கள். "ஒண்ணுமில்லம்மா, சரியாயிடும்" என்று அம்மாவின் கையையும் பிடித்துக்கொண்டீர்களே, எனக்கு அதுதான் பெரிது.

பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள். ரொம்ப நன்றி அக்கா. பாப்பா நன்றாக இருக்கிறாள். அப்பா அம்மா நவம்பர் கடைசிவரை இங்கேதான். இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அம்மா கையால் ஒரு வேளை நீங்கள் சாப்பிட்டே ஆக வேண்டும்.