அந்தோணிக்கு, புது போட் விஷயமாக

கடலூர்

அன்புள்ள அந்தோணி,

கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்குத் தூத்துக்குடியிலேயே வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு மூட்டு வலி பரவாயில்லை, உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன் ஃபைபர் போட் கட்டுகிறவர் "நல்ல கனமா போட்டுத் தர்றேன்" என்றதும் நீ தலையாட்டிவிட்டாய் போலிருக்கிறது. கனத்தை வைத்துப் பலத்தைச் சொல்ல முடியாதுடா. பலம் கண்ணாடி நாரில். ரெசின் என்கிற பிசின் அதைப் பிடித்து வைக்கத்தான். துண்டு நாரைப் பரப்பின விரிப்பான மேட்டை மட்டும் ஏற்றினால் எடையில் 30 சதவீதம்தான் நார் நிற்கும். நார்க் கற்றையால் நெய்த துணியான ரோவிங்கில் 50 வரை வரும். அதற்காக ரோவிங் மேலேயே ரோவிங் போட்டால் அடுக்கு அடுக்காக உரிந்துவிடும். மேட், ரோவிங், மறுபடி மேட் என்று மாற்றிப் போட்டு, ரோலரை அழுத்தி உருட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டும். துப்பாக்கியால் நாரையும் ரெசினையும் சேர்த்துத் தெளிப்பது வேகம். தடிமன் சீராக வருவது தெளிக்கிறவன் கையில் இருக்கிறது.

இரண்டு தோலுக்கு நடுவே ஃபோம் வைக்கிற சாண்ட்விச் முறை பற்றிக் கேட்டிருந்தாய். தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு ஏழெட்டு மடங்காகும், ஃபோம் என்பதால் எடையும் அதிகம் ஏறாது. ஆனால் மணப்பாட்டுக் கரையில் இழுத்து ஏற்றுகிற போட்டுக்கு அது வேண்டாம். வெளித்தோல் மெல்லிசு. ஒரு கல் குத்தினால் தண்ணீர் உள்ளே புகுந்து, தோல் ஃபோமை விட்டுக் கழன்றுகொண்டே போகும்; வெளியே ஒன்றும் தெரியாது. நமக்கு ஒற்றைத் தோலும் உள்ளே நெருக்கமாக விலாக்கட்டையும் போதும். உடைந்தாலும் கரையிலேயே தேய்த்து ஒட்டிவிடலாம். விலாவை மட்டும் தோல் முழுசாக இறுகுமுன் ஒட்டச் சொல். இறுகிப் போனால் நன்றாகத் தேய்க்காமல் ஒட்டினது நிற்காது. சுனாமிக்குப் பிறகு அவசர அவசரமாகக் கட்டிய போட்டுகளில் எத்தனை விலா கழன்று நம் பட்டறைக்கு வந்தது!

விளிம்பு வெட்டின துண்டு ஒன்று கேட்டு வாங்கு. எடை போட்டுவிட்டு, வெட்டவெளியில் இரும்புச் சட்டியில் போட்டு எரி. கரும்புகை வரும், புகை போகிற பக்கம் நிற்காதே. ரெசின் போனபின் வெள்ளை நார் அடுக்கடுக்காகப் பிரியும், விரலாலேயே எண்ணலாம். அதையும் எடை போடு. முதல் எடையில் கால்வாசிகூடத் தேறவில்லையென்றால் அட்வான்ஸைத் திரும்பக் கேள். அடிப்பக்கம் எத்தனை அடுக்கு என்று தனியாக எழுதி வாங்கு.

ஐப்பசி மழைக்கு முன் வேலை முடியட்டும், மேட்டில் ஈரம் ஏறினால் ரெசின் சரியாகப் பிடிக்காது. ரெசினை இறுக வைக்கிற கேட்டலிஸ்டையும், அதை வேகப்படுத்துகிற கோபால்டையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். உன் மச்சான் உதவிக்குப் போகிறான் என்றாயே, அவனிடம் சொல்.

எடை எவ்வளவு வந்தது என்று எழுது.

அன்புடன்,
சேகர்