அந்த அம்மாவுக்கும் ஒரு அத்தியாயம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பதின்வயதினருக்கான டிஸ்டோபியா (கொடுமையான ஓர் எதிர்கால உலகத்தைக் கற்பனை செய்யும்) காதல் நாவல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கொடுங்கோல் அரசு, அதை எதிர்க்கும் ஒரு பெண், எதிர் முகாமில் ஒரு பையன் என்று எல்லாம் ஒரே வார்ப்பில் வருகின்றன என்கிறார் கட்டுரையாளர். அது ஓரளவு சரிதான். ஆனால் இந்தக் கதைகள் பிள்ளைகளை, அவர்களைப் பெற்றவர்களுக்கு எதிராகத் திருப்புகின்றன என்று அவர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எதிர்த்து நிற்பதற்குப் பெற்றவர்களை இந்த நாவல்கள் பெரும்பாலும் உயிரோடு விட்டுவைப்பதே இல்லை. என் வருத்தம் அதுதான்.

என் மகளுக்குப் பதினைந்து வயது. இரண்டு வருடமாக அவள் படித்து முடிப்பதை எல்லாம் நானும் எடுத்துப் படிக்கிறேன். கண்காணிப்பதற்காக இல்லை, அவளோடு பேசுவதற்காக. 2011-ல் வந்த 'டைவர்ஜென்ட்' நாவலைப் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் இடத்தில் புத்தகத்தை மடித்துவைத்துவிட்டு என்னிடம் வந்தாள். மக்களைப் பல பிரிவுகளாகப் பிரித்துவைத்திருக்கும் அந்த உலகத்தில் பதினாறு வயதானதும் ஒவ்வொருவரும் தன் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறந்த பிரிவை விட்டுப் போனால் வீட்டையும் விட்டுப் போனதாகத்தான் கணக்கு. கதாநாயகியும் அவளுடைய அண்ணனும் ஒரே நாளில், ஒரே சடங்கில், ஆளுக்கொரு பக்கமாகப் போய்விடுகிறார்கள். "அன்னைக்கு ராத்திரி அவங்க வீட்டுல என்னம்மா நடந்திருக்கும்?" என்று கேட்டாள் என் மகள்.

பதில் புத்தகத்தில் இல்லை. கதை அந்தப் பெண்ணோடு புதிய முகாமுக்குப் போய்விடுகிறது. தாய் ஒரு முறை மகளைப் பார்க்க வருகிறாள். முதல் பாகம் முடிவதற்குள் தாயும் தகப்பனும் பிள்ளைகளுக்காக உயிரை விட்டுவிடுகிறார்கள். அழவைக்கும் காட்சிகள்தான், நானும் அழுதேன். ஆனாலும் ஒரே நாளில் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த அந்த வீட்டுக்குள் நாம் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை.

இதற்கு ஒரு காரணம் சொல்லும் முறையிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 'தி ஹங்கர் கேம்ஸ்', 'டைவர்ஜென்ட்' இரண்டுமே கதாநாயகி தன் வாயால், நடக்க நடக்கச் சொல்லும் கதைகள். அவள் கண்ணுக்கு எட்டாதது நமக்கும் எட்டாது. வேகத்துக்கும் காதலுக்கும் அது பொருத்தமான முறை. அவன் கை பட்டதும் அவளுக்கு என்ன ஆனது என்று உடனே தெரிந்துவிடும். வீட்டில் காத்திருப்பவர்களைத்தான் காட்ட முடியாமல் போகிறது.

கட்டுரையாளர் இன்னொன்றையும் கவனித்திருக்கலாம். 2008-ல் வந்த 'ஹங்கர் கேம்ஸ்' கதையைத் தொடங்கிவைப்பது காதல் இல்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்ல வேண்டிய ஒரு போட்டிக்கு அரசு ஆள் எடுக்கும் குலுக்கலில் பன்னிரண்டு வயதுத் தங்கையின் பெயர் வந்துவிடுகிறது, அக்கா காட்னிஸ் அவளுக்குப் பதிலாகத் தானே முன்வந்து நிற்கிறாள். மூன்று பாகங்களையும் இழுத்துக்கொண்டு போவது அந்த அக்கா தங்கை பாசம்தான். காட்னிஸுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருக்கும் ஆறாத கோபத்தையும் ஆசிரியர் விடாமல் காட்டுகிறார். சுரங்க விபத்தில் அப்பா செத்த பிறகு, பிள்ளைகள் பசியால் வாடியபோதும் எழுந்து வராமல் முடங்கிக் கிடந்த அம்மா அவள். இந்தப் புத்தகமா பிள்ளைகளைக் குடும்பத்துக்கு எதிராகத் தூண்டுகிறது?

2011-ல் வந்த இன்னொரு நாவலான 'லெஜண்ட்' என்னை உலுக்கியது. பதினைந்து வயது ஜூனை வளர்த்தது அவளுடைய அண்ணன்தான். அவன் கொல்லப்படுகிறான். அரசால் தேடப்படும் டே என்ற பையன்தான் கொன்றான் என்று அவளிடம் சொல்கிறார்கள். மாறுவேடத்தில் போகிறவள், யாரென்று தெரியாமலே அவனை நேசிக்கத் தொடங்குகிறாள். அவன்தான் டே என்று புரிந்ததும் அண்ணனுக்கான விசுவாசம் ஜெயிக்கிறது, காட்டிக்கொடுக்கிறாள். ராணுவம் அவன் வீட்டுக்குப் போகிறது, அங்கே அவனுடைய அம்மா சுடப்படுகிறாள். அண்ணனைக் கொன்றது அரசின் ஆளே என்பது அவளுக்கு அப்புறம்தான் தெரிகிறது. இருவரும் அத்தியாயம் மாற்றி அத்தியாயம் தங்கள் கதையைச் சொல்வதால் இரண்டு வீட்டு இழப்பையும் நாம் பார்க்க முடிகிறது. தன் தாயின் சாவுக்குக் காரணமானவளை ஒருவன் எப்படி நேசிப்பான்? அந்த நாவல் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. காதல் குடும்பத்தைவிடப் பெரியது என்று அது எங்கும் சொல்லவும் இல்லை.

இந்த அலைக்கெல்லாம் முன்னால், 1993-ல், 'தி கிவர்' வந்தது. அதில் காதல் ஒரு நிழலாகத்தான் உண்டு, ஆனால் நான் தேடும் தகப்பன் அதில்தான் இருக்கிறார். அன்பானவர். குழந்தைகளைப் பராமரிப்பதே அவர் வேலை. எடை ஏறாத ஒரு குழந்தையை வீட்டுக்கே தூக்கிவந்து வளர்க்கிறார். அதே கைதான் இரட்டைக் குழந்தைகளில் சின்னதற்கு ஊசி போட்டுக் கொல்கிறது. எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், அங்கே சட்டம் அப்படி என்பதற்காக. அதைப் பன்னிரண்டு வயது மகன் பார்த்துவிடுகிறான். அரக்கனாக இருந்தால் அப்பாவை வெறுத்துவிட்டுப் போய்விடலாம். இவரை என்ன செய்வது?

உண்மை வாழ்க்கையில் பிளவு இப்படித்தான் வருகிறது. கலாச்சாரப் புரட்சிக் காலத்துச் சீனாவில், 1970-ல், நாட்டின் தலைவர் மாவோவை வீட்டுக்குள் விமர்சித்த தாயைப் பற்றிப் பதினாறு வயது மகனே புகார் எழுதிக் கொடுத்தான். அவனுடைய அப்பாவும் அதில் சேர்ந்துகொண்டார். அந்தத் தாயைச் சுட்டுக் கொன்றார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, முதியவரான அந்த மகன் தான் செய்ததை வெளிப்படையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸ் கோப்புகள் 1992-ல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது, தன்னை உளவு பார்த்தது தன் கணவனே என்று கண்டுகொண்ட பெண்ணும் உண்டு. நாவல்களில் காதலன் பக்கம் எப்போதும் உண்மையின் பக்கமாகவே இருந்துவிடுகிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டு விஷயம் இவ்வளவு பெரியது இல்லை. அப்பாவும் அண்ணனும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். வேலைநிறுத்தம் வந்தபோது அப்பா உள்ளே போனார், அண்ணன் வாசலில் கொடியோடு நின்றார். காலையில் இருவருக்கும் அம்மாதான் சாப்பாடு கட்டிக் கொடுப்பார். ஒருவர் கிளம்பி ஐந்து நிமிடம் ஆன பிறகுதான் இன்னொருவர் கிளம்புவார். நீ யார் பக்கம் என்று இருவரும் அம்மாவைக் கேட்டார்கள், என் எதிரிலேயே கேட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை. எனக்கு அப்போது பதினான்கு வயது, அம்மா கோழை என்று நினைத்தேன். இன்றுவரை என்னை உறுத்துவது அந்த நினைப்புத்தான்.

நம் மொழியில் இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. சங்கப் பாடல்களில் காதலனோடு போய்விட்ட பெண்ணைப் பாடியவர்கள், அவளைத் தேடிப் போகிறவளுக்கும் வாய் கொடுத்தார்கள். குறுந்தொகையில் புலவர் வெள்ளிவீதியார் பாடிய செவிலித்தாய் கால் ஓய்ந்து, பார்த்துப் பார்த்துக் கண் ஒளி போய் நிற்கிறாள். வானத்து மீன்களைவிட அதிகம் பேர் உலகத்தில் இருக்கிறார்களே, அவர்களில் என் பெண் இல்லையே என்கிறாள். நாலே அடிதான். பெண் செய்தது தவறு என்று ஒரு சொல் இல்லை, தாயின் துயரமும் குறையவில்லை. இன்று தமிழில் டிஸ்டோபியா எழுத நினைக்கும் இளையவர்கள் இந்தச் செவிலியைத் தங்கள் எதிர்கால நகரத்துக்குள் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது என் ஆசை. தடுப்புச்சுவருக்கு இந்தப் பக்கம், அரசை இன்னும் நம்புகிற ஒரு தாயாக அவள் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தப் புத்தகங்களைப் பற்றி அடுத்த முறை எழுதவைக்கும்போது, அவற்றைப் படிக்கும் பதினைந்து, பதினாறு வயதுக்காரர்களிடமே கேளுங்கள். இரண்டு பக்கம் போதும். என் மகள் கேட்ட கேள்வியைப் போல இன்னும் எத்தனையோ கேள்விகளை அவர்கள் வைத்திருப்பார்கள்.

அன்புடன்,
உங்கள் நீண்டநாள் வாசகி