"மற்றும் காட்லெக்" அல்ல, காட்லெட்ஸ்

ஆசிரியருக்கு வணக்கம்.

1996 யூரோ கோப்பையில் இறுதிவரை வந்த செக் அணியைப் பற்றிச் சென்ற இதழில் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், குறை சொல்ல வரவில்லை. போர்ச்சுகல் கோல்கீப்பரின் தலைக்கு மேலே போபோர்ஸ்கி பந்தைத் தூக்கிப் போட்ட அந்த கோலுக்கு ஒரு முழுப் பத்தி. நெட்வெட்டின் தலைமுடிக்குக்கூட இரண்டு வரி. பின்கள வீரர்கள் பக்கம் வந்ததும்தான் எழுதியவருக்கு ஏதோ அவசரம் வந்துவிட்டது. நாலைந்து பெயர்களை அடுக்கிவிட்டு "மற்றும் காட்லெக்" என்று முடித்துவிட்டார்.

சரி, குறை சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் பெயர். செக் மொழியில் 'சி' (c) எழுத்து 'ட்ஸ்' என்று ஒலிக்கும். ஆகவே அவர் மிரோஸ்லாவ் காட்லெட்ஸ். அடுத்தது, அவர் "மற்றும்" போட்டுச் சொல்லக்கூடிய ஆள் இல்லை. கல்லூரி அணியில் மூன்று வருடம் ஸ்டாப்பர் பேக்காக, அதாவது நடுப் பின்கள வீரனாக, ஆடியவன் நான். என் கோபத்தில் கொஞ்சம் இனப்பாசமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 26 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் பிரான்சுடன் நடந்த அரையிறுதியை உங்கள் கட்டுரை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுகிறது. கோல் விழாத ஆட்டம், பெனால்டியில் செக் வென்றது, அவ்வளவுதான். அன்று செக் அணிக்கு இருந்த நிலைமையை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் அட்டைகள் சேர்ந்து பெய்பல், லாட்டல், கூக்கா, சுஹோபாரெக் என்று நான்கு பேர் ஆட முடியாமல் வெளியே. அதில் சுஹோபாரெக் காட்லெட்ஸோடு நடுவில் நிற்கிறவர். எதிரே ஜிடானும் ஜோர்காயெஃபும். 120 நிமிடம் ஒரு கோல்கூட விழவில்லை. கோல் விழவில்லை என்றால் ஆட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. யாரோ அதை விழவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

பெனால்டியில் இரண்டு பக்கமும் முதல் ஐந்தும் உள்ளே போயின. பிரான்சின் ஆறாவது பந்தைப் பெட்ரோஸ் அடிக்க, கோல்கீப்பர் கோவ்பா தடுத்துவிட்டார். செக் பக்கம் ஆறாவதாக நடந்து வந்தவர் காட்லெட்ஸ். 32 வயது முடிந்து நான்கே நாள் ஆகியிருந்தது. அவர் அடித்த பந்துதான் செக் அணியை இறுதி ஆட்டம் நடந்த வெம்ப்ளிக்குக் கொண்டுபோனது. உங்கள் கட்டுரையில் அந்தப் பந்தை அடித்தவர் பெயரே கிடையாது!

இளம் வாசகர்களுக்காக ஒன்று. அவர் ஆடிய இடத்துக்கு 'லிபரோ' என்று பெயர். இத்தாலிய மொழியில் 'கட்டற்றவன்' என்று பொருள். நாங்கள் 'ஸ்வீப்பர் பேக்' என்போம். எதிரணி ஃபார்வர்டை ஒட்டிக்கொண்டே திரிய மற்ற பின்கள வீரர்கள் இருக்க, இவர் எல்லாருக்கும் பின்னால் தனியாக நிற்பார். மற்றவர்களைத் தாண்டி வருவதையெல்லாம் கூட்டித் தள்ளுவது இவர் வேலை. கால் வேகத்தைவிடக் கண் வேகம் வேண்டிய இடம். அந்த யூரோவில் ஜெர்மனிக்கு லிபரோ மத்தியாஸ் சாமர். அவர் பந்தோடு முன்னால் பாய்ந்து போகிற ரகம், சிறந்த வீரருக்கான அந்த வருடத்து பாலோன் தோர் விருதே அவருக்குக் கிடைத்தது. காட்லெட்ஸ் பெரும்பாலும் பின்னால் நின்றே கணக்குப் போட்டவர். இறுதி ஆட்டத்தில் சாமர் போபோர்ஸ்கியை வீழ்த்தியதால்தான் (கோட்டுக்கு வெளியேதான் என்று இன்றும் சொல்வேன், ஆனாலும் வாங்கிக்கொண்டோம்) பெனால்டி கிடைத்து பெர்கர் கோல் அடித்தார். அப்புறம் ஜெர்மனியின் பியர்ஹோஃப் வந்து சமன் செய்ததும், கூடுதல் நேரத்தில் அவர் அடித்த பந்து ஹொர்ன்யாக் மேல் பட்டு கோவ்பா கையிலிருந்து நழுவி ஜெர்மனி வென்றதும் உங்கள் கட்டுரையில் சரியாகவே இருக்கின்றன.

என் முக்கியமான வருத்தம் கட்டுரைக்குக் கீழே போட்ட பெட்டிச் செய்தியில் இருக்கிறது. "யூரோவுக்குப் பிறகு யார் எங்கே?" போபோர்ஸ்கி மான்செஸ்டர் யுனைடெட், பெர்கர் லிவர்பூல், நெட்வெட் லாட்சியோ, பெய்பல் அட்லெடிகோ மாட்ரிட், ஷ்மிட்செர் லான்ஸ். காட்லெட்ஸ் இல்லை. ஏன் இல்லை என்றால், அவர் எங்கேயும் போகவில்லை. ஜெர்மனியின் இரண்டாம் டிவிஷனுக்குத் திரும்பிப் போனார்.

அந்தக் கதைதான் என்னைப் பொறுத்தவரை அந்த அணியிலேயே பெரிய கதை. காட்லெட்ஸ் செக் நாட்டின் மொராவியா பகுதியில் உள்ள உஹெர்ஸ்கே ஹ்ராடிஷ்ட்யே ஊரில் 1964-இல் பிறந்தவர். ஒஸ்ட்ராவா நகரில் இரும்பு ஆலைகள் இருக்கும் விட்கோவிட்செ பகுதியின் அணியில் நான்கு வருடம் ஆடினார். கம்யூனிஸ்ட் ஆட்சியில் செக்கோஸ்லோவாகிய வீரர்கள் வெளிநாடு போய் ஆடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பொதுவாக வயது முப்பதைத் தொட்ட பிறகுதான் அனுமதி கிடைக்கும். 1989 நவம்பரில் ஆட்சி மாறியது, கதவு திறந்தது. 1990 உலகக் கோப்பையின் காலிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் மத்தேயுஸ் அடித்த ஒரே பெனால்டியால் செக்கோஸ்லோவாகியா தோற்றது. அந்தக் கோடையில், தோற்கடித்த நாட்டுக்கே வேலைக்குப் போனார் காட்லெட்ஸ்.

போன இடம் கைசர்ஸ்லவுட்டர்ன். சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். பெட்சன்பெர்க் என்ற குன்றின் மேல் மைதானம். 1954 உலகக் கோப்பையை வென்ற ஜெர்மன் அணித் தலைவர் ஃபிரிட்ஸ் வால்டர் அந்த ஊர்க்காரர், கடைசிவரை அந்த அணியைவிட்டு வேறு எங்கும் போகாதவர். காட்லெட்ஸ் சேர்ந்த முதல் வருடமே, 1991-இல், கைசர்ஸ்லவுட்டர்ன் ஜெர்மன் சாம்பியன் ஆனது. 1953-க்குப் பிறகு முதல் முறை. அடுத்த பருவத்தில் ஐரோப்பியக் கோப்பையில் பார்சிலோனாவிடம் முதல் ஆட்டத்தை 2-0 என்று இழந்துவிட்டு, சொந்த மண்ணில் 3-0 முன்னிலை வரை போனார்கள். 90-ஆவது நிமிடத்தில் பார்சிலோனாவின் பக்கேரோ தலையால் முட்டிய ஒரே பந்து, மொத்தக் கணக்கு 3-3. வெளியூரில் அடித்த கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற அன்றைய விதியால் எல்லாம் போச்சு. அந்தக் கோப்பையைப் பார்சிலோனாதான் தூக்கியது.

1993 பிறந்தபோது அவர் பிறந்த நாடே இரண்டாகிவிட்டது. இரண்டு நாட்டுச் சட்டையும் போட்டு மொத்தம் 60-க்கு மேற்பட்ட சர்வதேச ஆட்டங்கள் ஆடியவர். இதையும் உங்கள் பெட்டியில் சேர்த்திருக்கலாம்.

அப்புறம் 1996 மே மாதம். அந்தப் பருவத்தில் கைசர்ஸ்லவுட்டர்னுக்கு 34 ஆட்டத்தில் ஆறே வெற்றி, 18 டிரா. பின்கள ஆட்டக்காரன் கண்ணுக்கு அந்தப் பதினெட்டு ஒரு கதை சொல்லும்: தோற்காமல் காப்பாற்றிக் கொடுத்தார்கள், முன்னால் கோல்தான் வரவில்லை. கடைசி நாளில் லெவர்குசனில், அங்கேயும் காட்லெட்ஸின் சகாவாக இருந்த கூக்கா கோல் போட்டு முன்னிலை தந்தும் ஆட்டம் 1-1 என்று முடிந்தது. 1963-இல் ஜெர்மனியின் முதல் டிவிஷனான புண்டெஸ்லீகா தொடங்கியதிலிருந்து ஒரு தடவைகூட இறங்காத அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. அந்த அணியில் ஆடிய, உலகக் கோப்பை வென்ற ப்ரேமே, எதிரணியில் இருந்த பழைய சகா ஃபொல்லரின் தோளில் சாய்ந்து அழுதார். ஒரே வாரத்தில் பெர்லினில் ஜெர்மன் கோப்பையையும் வென்றார்கள்! கார்ல்ஸ்ருஹவுக்கு எதிராக 1-0. மே மாதத்தில் ஒரு இறக்கமும் ஒரு கோப்பையும், ஜூனில் வெம்ப்ளி இறுதி. சுமார் ஆறு வாரத்தில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு நடந்திருக்கிறது. அதற்கு ஒரு வரி இடம் இல்லையா?

வெம்ப்ளியில் எதிரணியில் ஆடிய ஸ்டெஃபான் குன்ட்ஸ்கூட 1991 சாம்பியன் அணியில் காட்லெட்ஸின் தோழர்தான். அதையும் யாரும் எழுதுவதில்லை.

ஆகஸ்டில் அவரும் கூக்காவும் இரண்டாம் டிவிஷன் மைதானங்களில் ஆடிக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளராக ஓட்டோ ரேஹாகல் வந்திருந்தார். ஒரே வருடத்தில் முதலிடம் பிடித்து மேலே ஏறினார்கள். 1997 ஆகஸ்டில் முதல் ஆட்டமே மியூனிக்கில், பேயர்னோடு. ஷோன்பெர்க் தலையால் முட்டிய ஒரே கோலில் வென்றார்கள். 1998 மே 2 அன்று வொல்ஃப்ஸ்பர்க்கை 4-0 என்று அடித்து, ஒரு ஆட்டம் மீதி இருக்கும்போதே சாம்பியன். இரண்டாம் டிவிஷனிலிருந்து ஏறிய கையோடு புண்டெஸ்லீகாவை வென்ற அணி அதற்கு முன் இல்லை, பின்னும் இல்லை. அந்தப் பின்களத்தில் 33 வயதில் காட்லெட்ஸ் இருந்தார். எட்டு வருடம், ஒரே ஊர், இரண்டு சாம்பியன் பட்டம், நடுவே ஒரு சறுக்கல்.

அதன் பிறகு நாடு திரும்பி ட்ர்னோவிட்செ என்ற சின்னக் கிராமத்தின் முதல் டிவிஷன் அணியில் ஆடினார். அவர் மகன் மிஹல் காட்லெட்ஸும் பின்கள வீரர்தான். லெவர்குசன், பிறகு ஃபெனர்பாஹ்சே என்று இவரும் வெளிநாட்டில் ஆடியவர். 2012 யூரோவில் போலந்துக்கு எதிராகக் கடைசி நேரத்தில் கோல் கோட்டின் மேல் நின்று தலையால் பந்தைத் தடுத்து, செக் அணியைக் காலிறுதிக்கு அனுப்பினார். அந்த ஆட்டத்தில் யார் கோல் போட்டது என்று கேட்டால் எனக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். யிராச்செக். ஆமாம், யிராச்செக்தான்.

அடுத்த இதழில் திருத்தம் போடுவீர்கள் என்றால் பெயரையாவது சரியாகப் போடுங்கள். பெட்டியில் இடம் இருந்தால் "காட்லெட்ஸ் – கைசர்ஸ்லவுட்டர்ன், இரண்டாம் டிவிஷன்" என்று ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன், முன்னாள் ஸ்டாப்பர் பேக்