தீபாவளிக்கு முன், தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தினருக்கும் வணக்கம்.

குழந்தைகளுக்குப் பல் மருத்துவம் பார்ப்பவள் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். தீபாவளி முடிந்த கையோடு, கன்னத்தைப் பொத்திக்கொண்டு வரும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பத்து நாள் இனிப்பில் பல் சொத்தையாகிவிடுவதில்லை. முன்பே அரும்பியிருந்த சொத்தையில் இனிப்பு இறங்கி வலியைக் கிளப்பிவிடுகிறது.

சென்ற ஆண்டு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். கீழ்த்தாடையின் கடைசிப் பல்லில் பள்ளம் கருத்திருந்தது. கருவியால் மெல்லத் தொட்டதும் முந்தைய நாள் தின்ற டாஃபி நூலாக இழுபட்டு வந்தது. "பால் பல்தானே டாக்டர், விழுந்து முளைச்சிடும்ல?" என்றார் தாய். அது பால் பல் அன்று. ஆறு வயதையொட்டி, எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் அது. போனால் இன்னொன்று முளைக்காது. அந்தத் தாய்க்கு இதை அதற்கு முன் யாரும் சொல்லியிருக்கவில்லை.

பூச்சி அரித்தது என்று நாம் சொல்வது உண்மையில் அமிலத்தின் வேலை. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. உமிழ்நீர் அதைத் தணித்துப் பல்லைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ அரைமணி நேரமாவது பிடிக்கிறது. ஆகவே சாப்பாட்டோடு நான்கு லட்டு தின்ற பிள்ளையைவிட, ஒரே லட்டைக் கிள்ளிக் கிள்ளி மாலைவரை தின்ற பிள்ளையின் பல்லுக்கே கேடு அதிகம். ஸ்வீடனின் விபேஹோல்ம் மருத்துவமனையில், ஒப்புதல் தரும் நிலையில் இல்லாத உளவளர்ச்சி குன்றியவர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 1954இல் வெளியான ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. அறமற்ற முறையில், அவர்களுடைய பற்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற அறிவு அது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது இன்னும் பெரிய பிழை என்று கருதுகிறேன்.

தீபாவளியன்று விடியுமுன் எண்ணெய்க் குளியல் முடிந்து லேகியத்தோடு தொடங்கும் இனிப்பு, பக்கத்து வீட்டுத் தட்டுகள், உறவினர் கொண்டுவரும் பெட்டிகள் என்று இரவுவரை நீள்கிறது. பட்டாசு வெடித்துக் களைத்த பிள்ளை வாயில் மிட்டாயோடு அப்படியே உறங்கிவிடுகிறது. உறக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடுவதால், பல்லுக்கு அந்த இரவே மிகக் கடுமையானது.

பண்டிகை நாளில் இனிப்பு கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. உங்களிடமும் அதைக் கேட்கவில்லை. விடுமுறைக்கு முந்தைய நாள் வகுப்பில் வழங்கும் இனிப்பை மதிய உணவு முடிந்த கையோடு கொடுத்து, ஆசிரியர் உடன் நிற்கப் பிள்ளைகளைக் குழாயடியில் வாய் கொப்பளிக்க வையுங்கள். பல்லில் ஒட்டிக்கொள்ளும் டாஃபி, சவ்வு மிட்டாய், ஜெல்லி, நெடுநேரம் சப்பும் குச்சி மிட்டாய் ஆகியவற்றைத் தவிர்த்து, வாயில் சீக்கிரம் கரையும் லட்டோ பால்கோவாவோ கொடுக்கலாம். பிறந்தநாள் டாஃபிக்கும் இதே கட்டுப்பாடு வேண்டும். நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் அது ஆண்டுக்கு நாற்பது முறை வருகிறது.

பெற்றோருக்கு அனுப்பும் விடுமுறை அறிவிப்பில் சில வரிகளைச் சேருங்கள்: இனிப்புப் பெட்டி பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் திறந்து கிடக்க வேண்டாம், சாப்பாட்டு வேளையில் மட்டும் எடுங்கள், எவ்வளவு நேரமானாலும் பல் துலக்காமல் உறங்க வைக்காதீர்கள், ஏழெட்டு வயதுவரை பிரஷ்ஷைப் பெரியவர் பிடித்துத் துலக்கிவிடுங்கள். ஃப்ளோரைடு பற்பசை மூன்று வயதுக்குள் அரிசி மணியளவும், மூன்று முதல் ஆறு வயதுவரை பட்டாணியளவும் போதும். தருமபுரி, கிருஷ்ணகிரி போன்று நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த பகுதிகளில் மட்டும் பற்பசை பற்றிப் பல் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கடைவாய்ப் பற்களை ஒருமுறை பார்க்க அருகிலுள்ள பல் மருத்துவரை அழையுங்கள். சொத்தை விழாத பல்லின் பள்ளங்களை வலியின்றிச் சில நிமிடங்களில் பூசி அடைத்துவிட முடியும். எங்கள் பகுதிப் பள்ளிகள் அழைத்தால் எந்தச் சனிக்கிழமையிலும் கட்டணமின்றி வந்து பார்க்க அணியமாக இருக்கிறேன்.

அன்புடன்,
குழந்தைகள் பல் மருத்துவர் ஒருவர்